மழைக்கு முன் வீட்டுப் புறச்சுவர் பராமரிப்பும் விதைப் பாதுகாப்பும்

காவிரிப் படுகையில் புரட்டாசி மாதம் சம்பா நடவு, களை, மேலுரம் என்று வேலை நெருக்கும் காலமாகும். அந்த நேரத்தில் வீட்டுச் சுவரையும் கூரையையும் கவனியுங்கள் என்று சொன்னால் உழவர் பெருமக்களுக்குச் சற்றுச் சலிப்பாகவே இருக்கும். வெள்ளையடிப்பதெல்லாம் பொங்கலுக்குத்தானே என்று கேட்பார்கள். வழக்கம் அதுதான். ஆனால் பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளை, மழை முடிந்தபின் வீட்டை அழகுபடுத்துகிறது. மழை தொடங்குமுன் செய்யும் துப்புரவும் பழுதுபார்ப்புமே வீட்டையும், வீட்டுக்குள் இருக்கும் விதையையும் காக்கின்றன.

விதையைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாட்கள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெல் தரிசு உளுந்து விதைக்கிறோம். அந்த விதை முந்தைய பங்குனி, சித்திரையில் அறுவடையாகி, ஒன்பது மாதத்திற்கு மேல் வீட்டிலேயே இருக்கிறது. அதில் கடைசி மூன்று மாதங்கள் முழுவதும் மழைக்காலம். சாக்கில் வைக்கும் உளுந்து விதையின் ஈரம் 9 சதவீதத்திற்கு மிகக் கூடாது என்பது சான்று விதைக்கான அளவு. முளைப்புத் திறன் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். ஈரம் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் விதையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது விதை நூலில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. 9 சதவீதத்தில் கட்டி வைத்த விதை, ஈரச் சுவரை ஒட்டிக் கிடந்து 13 சதவீதத்திற்கு ஏறினால், நான்கு முறை பாதியாகிறது. அதாவது அதன் ஆயுள் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தை மாதத்தில் வயலில் உளுந்து திட்டுத் திட்டாக முளைத்தால் மண்ணையும் பனியையும் குறை சொல்கிறோம். பல வேளைகளில் குறை விதை இருந்த அறையின் சுவரில் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. கடலோர மாவட்டங்கள் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அடுத்த இரண்டரை மாதங்களுக்குள் பெற்றுவிடுகின்றன. ஆகவே, வெளிப்புற வேலைகளை ஆவணிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி நடுவுக்குள் முடித்துவிடுவது நல்லது. அந்த நாட்களில் மாலையில் மழை வரக்கூடும் என்பதால் சுவர் வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்குச் சுவர்

எல்லாச் சுவரையும் ஒரே சமயத்தில் செய்ய நேரமும் ஆளும் இல்லையென்றால் முதலில் வடக்குச் சுவரையும், அடுத்துக் கிழக்குச் சுவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் சாரல் இந்த இரு பக்கங்களில்தான் அடிக்கிறது. கிழக்குச் சுவருக்குக் காலை வெயிலாவது கிடைக்கும். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வடக்குச் சுவருக்கு நாள் முழுவதும் நிழல்தான். நனைவது அதிகம், உலர்வது குறைவு. வீட்டின் முகப்பு தெற்கே பார்த்திருந்தால் வடக்குச் சுவர் கொல்லைப் பக்கமாக அமைந்து, பொங்கல் வெள்ளையும் அதுவரை எட்டாமல் போய்விடுகிறது. கொல்லைப் பக்கத்து அறையைத்தான் நம்மில் பலர் விதைக்கும் தானியத்திற்கும் ஒதுக்குகிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுவரில் படியும் கருமை

சுவரிலும் மாடித் தளத்திலும் கைப்பிடிச் சுவர் மேலும் கறுப்பாகப் படிவது வெறும் அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி உயிருள்ள நீலப்பச்சைப் பாசி. நெல் வயலில் தழைச்சத்தை நிலைநிறுத்துவதற்காக, நட்ட பத்தாம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ வீதம் நாமே தூவுகிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் இது. வயலில் நமக்கு உழைக்கும் இனம், சுவரில் கெடுதல் செய்கிறது. இந்தப் பாசி தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான உறையைச் சுரந்துகொள்ளும். கோடையில் காய்ந்து கறுத்து, செத்ததுபோல் கிடக்கும். முதல் மழையில் அந்த உறை நீரை உறிஞ்சிப் பருத்து மீண்டும் உயிர் பெறும். உறிஞ்சிய நீரைச் சீக்கிரம் விடாது. ஆகவே, பாசி படிந்த சுவர், மழை நின்ற பிறகும் நெடுநேரம் ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரத்தில் பூசணமும், அதன் மேல் பசும்பாசியும், கடைசியில் ஆல், அரசு போன்ற செடிகளும் இடம் பிடிக்கின்றன.

காய்ந்த பாசியைச் சுரண்டினால் தூளாக உதிர்ந்து பக்கத்துச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, சற்று ஊறவிட்டு, தென்னை நார்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். காரைச் சுவரில் கம்பித் தூரிகை வேண்டாம். அது காரையின் மேல்தோலைப் பெயர்த்து அடுத்த ஆண்டுப் பாசிக்கு நல்ல இடம் அமைத்துக் கொடுக்கும்.

கான்கிரீட் தளம், சிமெண்டுப் பூச்சு ஆகியவற்றில் பாசி தடித்திருந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் பூசி, 20 நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். இதில் சில எச்சரிக்கைகள் அவசியம். பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை அமிலத்தைக் கலந்தால் குளோரின் நச்சு வாயு வெளிப்படும். மாட்டுக் கோமியம் தேங்கிய இடத்தில் ஊற்றினாலும் கெட்ட வாயு எழும். இதை யூரியா, அம்மோனியம் சல்பேட் மூட்டைகள் உள்ள அறையில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் விபத்து நேரும். கழுவிய நீர் மீன் குட்டை, அசோலா தொட்டி, கிணறு ஆகியவற்றில் சேராதபடி வடிகால் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் பின்னர் மிளகாய், தானியம் காயவைப்பதாக இருந்தால் நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவிவிட வேண்டும்.

வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பானையே சுவர் கழுவவும் பயன்படுத்துவதைக் கிராமங்களில் பார்க்கிறோம். குழாயிலும் கலத்திலும் பூச்சிமருந்து தங்கியிருக்கும். பிளீச்சிங் நீர் தெளிப்பானின் உலோகப் பாகங்களையும் அரித்துவிடும். ஒரு பூவாளியும் துடைப்பமும் போதும்.

அடியிலிருந்து ஏறும் ஈரம்

"வெளிப்புறம் முழுவதும் நல்ல பெயிண்டாக அடித்துவிட்டேன் சார், அப்படியும் உள்ளே காரை உதிர்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. இதற்கு விடை உழவர்களுக்குத் தெரிந்ததே. களிமண் நிலத்தில் அடியில் உள்ள நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. மேல்பரப்பில் நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு வெள்ளையாகப் பூத்து நிலம் உவராகிறது. செங்கல் சுவரிலும் மண் சுவரிலும் நடப்பது இதுவேதான். கடைக்காலிலிருந்து ஈரம் ஏறுகிறது. சுவரின் மேல்தோலில் ஆவியாகிறது. உப்பு அங்கேயே தங்கிப் பருத்து, காரையை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கிறது.

இதைத் தடுக்க அடிப்பகுதியில் மூன்றடி உயரத்திற்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசுவது இப்போது எங்கும் பரவியிருக்கிறது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் மண் சுவருக்கும் இது பெரும் தவறு என்பது என் கருத்து. ஆவியாகி வெளியேறும் வழியைச் சிமெண்டு அடைத்துவிடுவதால், ஈரம் மூன்றடியைத் தாண்டி நான்கு, ஐந்து அடிக்கு ஏறி அங்கே உப்புப் பூக்கும். வெளிப்பக்கம் அடைபட்டால் உட்பக்கமாக வெளிவரும். உட்பக்கத்தில் இருப்பது விதை மூட்டை. பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்டும் ஈரமான சுவரில் இதே வேலையைத்தான் செய்கிறது. நன்றாகக் காய்ந்த, புதிய சிமெண்டுச் சுவருக்கு அது பொருந்தும். பழைய வீட்டுக்குச் சுவர் மூச்சுவிடும் பூச்சே ஏற்றது.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். நன்றாகக் காய்ந்த நாளில் துடைப்பத்தால் தட்டிக் கூட்டி அள்ளி, வீட்டை விட்டுத் தள்ளிக் கொட்ட வேண்டும். பொட்டாஷ், யூரியா மூட்டைகளைச் சுவரில் சாய்த்து வைப்பதையும் விட்டுவிட வேண்டும். பொட்டாஷ் உரம் ஓர் உப்பு. சிந்தியது சுவருக்குள் இறங்கினால், காற்றில் ஈரம் மிகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த இடம் கசியும். யூரியாவும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். கார்த்திகைக் காலையில் நம் பகுதிக் காற்றில் ஈரப்பதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சுண்ணாம்பு அடிக்கும் முறை

புறச்சுவருக்குச் சுண்ணாம்பைப் போல் மலிவான, பயனுள்ள பொருள் வேறு இல்லை. அதன் கடும் காரத்தன்மை பாசியையும் பூசணத்தையும் கொல்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. அதே சமயம் சுவரின் ஈரம் வெளியேறவும் வழி விடுகிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பானாலும் கல் சுண்ணாம்பானாலும் புதிதாகச் சூளையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். காற்றுப் பட்டுத் தானே பொடியாய்ப் போனதில் பிடிப்பு இராது.

சுண்ணாம்பு 1 கிலோவுக்குத் தண்ணீர் 5 லிட்டர் என்பது கணக்கு. இரும்புப் பீப்பாயில் அல்லது செங்கல் தொட்டியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் சுண்ணாம்புக் கட்டிகளைச் சிறிது சிறிதாக இட வேண்டும். நீறும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடக்கூடும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கலப்பவர் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை ஒரு நாள் முழுவதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த பிசினோ அரிசிக் கஞ்சியோ சேர்த்துக் கலக்கிக்கொள்ளலாம்.

அடிக்குமுன் சுவரை இலேசாக நனையுங்கள். காய்ந்த சுவர் நீரை உடனே குடித்துவிடுவதால் சுண்ணாம்பு இறுகாமல் மாவாக உதிரும். வேலைக்கு வரும் ஆட்கள் ஒரே தடவையில் தடிப்பாக அடித்து முடிக்கப் பார்ப்பார்கள். அப்படி அடித்தது பொருக்குப் பொருக்காக உரியும். பாலைப்போல் நீர்த்ததாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மூன்று முறை அடிப்பதே சரி. அடித்தபின் நான்கைந்து நாட்களாவது மழை படாமல் இருந்தால் நல்ல பிடிப்பு ஏற்படும். பழைய பிளாஸ்டிக் பெயிண்டின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. அதைச் சுரண்டி எடுத்த பிறகே அடிக்க வேண்டும்.

மண் சுவராக இருந்தால் முதலில் வெடிப்புகளை மூட வேண்டும். செம்மண்ணுடன் நறுக்கிய வைக்கோல் சேர்த்து மூன்று, நான்கு நாட்கள் புளிக்கவிட்டு மிதித்துப் பூசினால் வெடிக்காமல் நிற்கும். அது முழுக்கக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம்.

கூரையும் தளமும்

ஓட்டு வீட்டில் ஒழுகல் பெரும்பாலும் இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில்தான் தொடங்குகிறது. வேப்பிலை, புளிய இலை, முருங்கை இலை அங்கே சேர்ந்து மக்கி, தண்ணீரைத் தேக்கி ஓட்டுக்கு அடியில் திருப்பிவிடும். அள்ளிப் பார்த்தால் அருமையான மக்கு. அது எருக்குழிக்குப் போக வேண்டியது. ஓட்டின் மேல் நேராகக் காலை ஊன்றாமல் பலகை போட்டு ஏற வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்ற இருபது ஓடுகளாவது கைவசம் வைத்திருங்கள். இறவாணத்து முதல் இரண்டு வரிசைகளைத் துத்தநாகம் பூசிய கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுவது நல்லது. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் எத்தனையோ வீடுகளின் கூரை பறந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கீற்றுக் கூரையில் சுரைக்கொடி படரவிட்டிருந்தால் காய்ப்பு முடிந்தவுடன் கொடியை இழுத்துவிட வேண்டும். மழையில் அது கூரையைக் காயவிடாது.

மாடித் தளத்தில் நீர் வடியும் தூம்பு வாய்களைக் கையைவிட்டுத் துழாவிப் பாருங்கள். உளுந்தும் நெல்லும் காயவைத்தபோது சிந்தியவை அங்கே ஒதுங்கி, முதல் தூறலில் முளைத்து அடைத்துக்கொள்வதை அடிக்கடி காணலாம். நான்கு குடம் தண்ணீரைத் தளத்தில் கொட்டி, எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். தட்டோட்டு இணைப்புகளில் விரிசல் இருந்தால் கீறிச் சுத்தம் செய்து நிரப்ப வேண்டும். சுண்ணாம்புத் தளமானால் சுண்ணாம்புக் காரையாலும், சிமெண்டுத் தளமானால் நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமெண்டுக் குழம்பாலும் நிரப்பலாம். விரிசலில் முளைத்த ஆலங்கன்றை மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு அட்டைக் கூரையைத் தேய்க்க வேண்டாம். அதிலிருந்து உதிரும் நார்த்தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

வீட்டைச் சுற்றி

சுவரிலிருந்து பத்தடி தூரத்திற்குள் அரையடியாவது சரிவு இருக்கும்படி மண்ணை வெட்டிச் சரிப்படுத்துங்கள். தெருவுக்கு ஒவ்வொரு முறை புதிதாகச் சாலை போடும்போதும் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகி வருகிறது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு முன்புறம் ஒரு வாய்க்கால் எடுத்துப் பக்கவாட்டில் வடியவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. விறகு, வரட்டி, வைக்கோல் ஆகியவற்றைச் சுவரை ஒட்டி அடுக்கினால் கறையானுக்கு நாமே ஏணி வைத்ததாகும். சுவரில் வரட்டி தட்டுவதும் ஈரத்தையும் உப்பையும் சுவருக்கு ஊட்டுவதாகவே முடியும். கொல்லை வாழையைச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் மழைநீர் நின்றால் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு உற்பத்தியாகிவிடும்.

பழைய மண் சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, அடிப்பகுதி விரலால் அழுத்தினால் அமுங்கும்படி ஊறியிருந்தாலோ, விரல் நுனி நுழையும் அளவு சாய்வான விரிசல் கண்டிருந்தாலோ அதற்குப் பூச்சு வேலை செய்து பயனில்லை. அடைமழை நாட்களில் அதன் இருபுறமும் யாரும் படுக்கக் கூடாது. மாட்டையும் அங்கே கட்டக் கூடாது. மழை விட்டு வெயில் அடிக்கும் நாளிலும் ஊறிய சுவர் சரியலாம். துணி காயப்போடும் கம்பியை மின் இணைப்புக் கம்பத்திலோ மீட்டர் பலகை அருகிலோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிட்டு, நைலான் கயிறு கட்டுங்கள். ஈரச் சுவரைத் தொட்டால் 'சுரீர்' என்று உணர்ந்தால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின் பணியாளரை அழைக்க வேண்டும்.

விதை அறையைச் சோதித்தல்

வெளி வேலை பலித்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை அறையின் உட்சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர்த்துளி கண்டால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் அது. முதலாவதற்கு மேலே சொன்ன வேலைகள் தேவை. இரண்டாவதற்கு, வெயில் அடிக்கும் நேரத்தில் சன்னலைத் திறந்து, மழையிலும் இரவிலும் மூடி வைத்தால் போதும்.

சுவர் கசிந்தால் இந்த ஆண்டுக்கு விதையை அந்த அறையிலிருந்து தென்புற அறைக்கு மாற்றிவிடுங்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் கட்டைகளின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். புரட்டாசி வெயிலில் ஒருமுறை காயவைத்து, ஆறிய பிறகே மூட்டை கட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த உளுந்து பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும், நசுங்காது. காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டுவதானால் ஈரம் 8 சதவீதத்திற்கு இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஈரமுள்ள விதையைப் பையில் அடைத்தால் உள்ளேயே புழுங்கிக் கெடும்.

மார்கழிப் பிற்பாதியில், மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்த விதையில் 100 எண்ணி, நனைத்த சாக்குத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி ஈரம் காயாமல் வைத்திருங்கள். ஏழாம் நாள் நல்ல முளைகளை எண்ணினால் எத்தனையோ அத்தனை சதவீதம். 75-க்கு மேல் இருந்தால் ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ போதும். சற்றுக் குறைந்திருந்தால் அந்த அளவுக்கு விதையைக் கூட்டிக்கொள்ளலாம். 50-க்குக் கீழ் இறங்கிவிட்டால் அந்த விதையைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு, விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வேளாண்மை விரிவாக்க மையத்தில் சான்று விதைக்குச் சொல்லி வைப்பது நல்லது.